சுழலின் மூலை

அரியலூருக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகக்கூடாது, இன்ஸ்பெக்டர். சிமென்ட் ஆலைக்குள் போய் வந்தால் அது சட்டையாகவே இருக்காது. ஆனாலும் நான் போட்டுக்கொண்டுதான் போவேன். பேராசிரியர் யார், ஃபிட்டர் யார் என்று ஆலைக்காரர்களுக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும்.

பெரம்பலூரில் பொறியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கொந்தளிக்கும் காற்றில் தூசி எப்படிப் போகும் என்பது என் ஆராய்ச்சி. அந்த ஆலையின் சூளையிலிருந்து வரும் வெப்பக்காற்றுக் குழாயில், ஒரு வளைவில், அடைப்பெடுக்கச் சின்னக் கதவு உண்டு. இரும்புக் கதவைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். நான் நாரும் பிசினும் சேர்த்து இறுக்கிய பாலிமர் கதவு செய்தேன். ஒரு கையால் தூக்கலாம். முந்நூறு டிகிரி தாங்கும். சுடுதூசி எதிர்ச்சுவரோடு ஒட்டிப் போய்விடும், கதவுப் பக்கம் இருநூற்று நாற்பதைத் தாண்டாது என்பது என் கணக்கு.

அடைக்கலசாமி ஏலாக்குறிச்சிக்காரர். எட்டாவதோடு நின்றவர், இருபத்திரண்டு வருடமாக அங்கே ஃபிட்டர். கதவைத் தொடும் முன் பழைய வேட்டிக் கிழிசலைக் கம்பியில் கட்டிக் கதவிடுக்கில் பிடித்துப் பார்ப்பார். காற்று துணியை உள்ளே இழுத்தால் திறப்பார், வெளியே அடித்தால் தொடமாட்டார். இதுதான் அவர்களுடைய விஞ்ஞானம். என் கதவை மாட்டிய அன்றும் பிடித்துப் பார்த்தார். மேனேஜரும் என் ஆராய்ச்சி மாணவி நர்மதாவும் நின்றிருந்தார்கள்.

“சார், துணி உள்ள போயிட்டு வெளிய வருது பாருங்க. தூசி இந்த மூலைல திரும்பிச் சுத்துதுங்க. ஒங்க கதவு தாங்காது.”

மேனேஜர் சிரித்தார். நர்மதா சிரிக்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பத்து நாளில் அவள் புதிதாகக் கணக்குப் போட்டுக் கொண்டுவந்தாள். அந்த மூலையில் நானூற்றுப் பத்து டிகிரி. கணக்கில் பிழையே இல்லை. பிழை என்று சொன்னேன், நம்பிவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் முதுகெலும்பு.

கம்பெனி இயக்குநர்கள் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்பு, சூளையை நிறுத்தியிருந்தபோது கதவைக் கழற்றினேன். உள்பக்கம் கருகி, நகம் பட்ட இடமெல்லாம் பிஸ்கட் போல உதிர்ந்தது. பழைய இரும்புக் கதவு படிக்கட்டுக்கு அடியிலேயே கிடந்தது. நான் என்னுடையதையே திரும்ப மாட்டினேன். ஒரு மணி நேரம் தாங்கினால் எனக்குப் போதும்.

இயக்குநர்கள் வந்த அன்றைக்கு அடைக்கலசாமி வழக்கம்போலத் துணியை எடுத்தார்.

“அதெல்லாம் வேணாங்க அடைக்கலசாமி. பக்கத்துலயே நில்லுங்க, எல்லாரும் பாக்கட்டும்,” என்றேன்.

“நீங்க படிச்சவங்க சார், சொன்னா சரிங்க,” என்று துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இதில் மரியாதை இருந்ததா, கிண்டல் இருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வெப்பக்காற்றைத் திறந்துவிட்ட பதினோராவது நிமிடம் கதவு பிளந்தது. நான் இருபதடி தள்ளி நின்றேன். உடைந்தால் தூசி எவ்வளவு தூரம் கொட்டும் என்பதையும் கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கு சரியாக இருந்தது.

மூன்றாம் நாள் அடைக்கலசாமி திருச்சி ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் மனைவி இன்னாசிமேரி வராந்தாவில் என்னிடம் வந்து கேட்டார்: “சார், எங்க வூட்டுக்காரரு ஏதும் தப்பா செஞ்சுட்டாருங்களா?”

“போல்ட்டைச் சரியா முடுக்கலம்மா,” என்றேன். அந்தம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

இவ்வளவும் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு ஃபிட்டரைப் பார்த்து நான் ஏன் பொறாமைப்பட வேண்டும்? அந்த மூலையில் தூசி திரும்பிச் சுற்றுகிறது என்பதை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவன் நான் என்று போன வாரம்தான் கட்டுரை எழுதி அனுப்பியிருக்கிறேன்.