சடகோபன் வந்தாச்சு

மத்தியானம் இரண்டரை மணி. ஆமாம், பட்டப்பகல்தான். பேய் ராத்திரியில்தான் நடமாடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... உச்சிவெயில் அதைவிடப் பொல்லாதது.

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகிற ரோடு. அக்னி நட்சத்திரம். ஒரு நாய்கூட வெளியே இல்லை. சுதாகர் பைக்கில் தனியாகப் போகிறான். நம் அரக்கோணத்துத் தன்வீர் குவைத்தில் வேலை பார்த்தானே, அங்கே அவனுக்கு ஃபோர்மேன் இந்தச் சுதாகர்தான். மறுநாள் மாமியார் வீட்டில் மச்சான் சடகோபனுக்கு வருஷத் திதி. மனைவி கவிதா முன்னாலேயே போய்விட்டாள். போகும்போது சொன்னாள்: "ரெண்டு வாட்டி சாக்கு சொல்லிட்ட. இந்த வாட்டி வரலன்னா எனக்கு புருஷனே இல்ல."

சடகோபன் அவளுக்கு ஒரே தம்பி. அறையில் தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது என்று ஊருக்குச் சொன்னவன் சுதாகர். அது பொய். அந்தப் பொய்யைத்தான் ஒரு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். பாலைவனத்தில் குழாய் பதிக்கிற வேலை. வெயில் காலத்தில் விடியற்காலை நாலு மணிக்கு இறக்கிவிட்டு, பன்னிரண்டுக்கு வண்டி வந்து ஏற்றிப்போகும். அறைக்குத் திரும்பியதும் ஒவ்வொருவரும் போனில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். ஆள் எங்கே இருக்கிறான் என்று கம்பெனிக்கும் ஃபோர்மேனுக்கும் போய்விடும். ஊரில் வீட்டார் போனிலும் விழும். 'வந்தாச்சு' என்று நம் ஆட்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். வெயிலில் கெட்டுப்போகும் என்று எல்லார் போனும் சுதாகர் பையில்தான் கிடக்கும். அலுத்துச் சலித்து வருகிறவர்களில் யார் அமுக்குவது? அவனே எல்லாருக்கும் சேர்த்து அமுக்கிவிடுவான்.

ஒரு வியாழக்கிழமை சடகோபனுக்கு முடியவில்லை. அக்கா புருஷனை அவன் 'பாவா' என்றுதான் கூப்பிடுவான்.

"தலை சுத்துது பாவா. குழாய்க்குள்ள நெழல்ல படுத்துக்கறேன். வண்டி வந்தா ஒரு கொரல் குடு."

"இன்னா மச்சான், மாமியார் வூட்டுக்கு வந்தாப்ல கேக்கற?" என்று சிரித்தான் சுதாகர்.

வண்டி வந்தது. அந்தக் குழாய் ஒரு கிலோமீட்டர் பின்னால் கிடந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அவ்வளவு தூரம் யார் நடப்பது, அடுத்த வண்டியில் வரட்டும் என்று சுதாகர் ஏறிக்கொண்டான். சடகோபன் எங்கே என்று தன்வீர் கேட்டதற்கு, முன்னாடி வண்டியில் போய்விட்டான் என்றான் சுதாகர். அறைக்கு வந்ததும் எல்லாருக்கும் அமுக்கினான். சடகோபனுக்கும் அமுக்கினான். மாமனும் மச்சானும் மட்டும் இருந்த அறை அது. மறுநாள் வெள்ளி, லீவு. ஆள் அறையில் இருக்கிறான் என்று போன் சொல்லும்போது யார் தேடுவார்கள்? சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று சுதாகரும் மறைத்துவிட்டான். சனிக்கிழமை போனபோது... வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

சுதாகர் லீவில் ஊருக்கு வந்தான். வந்து இறங்கிய மறுநாள் தொடங்கியது. சரியாக இரண்டரை... குவைத்தில் அப்போது பன்னிரண்டு. போன் 'டிங்' என்றது. 'சடகோபன் வந்தாச்சு.' இடம், சென்னை ஏர்போர்ட். அடுத்த நாள் அரக்கோணம் ஜங்ஷன். அதற்கு மறுநாள் திருத்தணி மலையடிவாரம், இவன் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி. போனிலிருந்த அந்த 'வந்தாச்சு' ஆப்பையே அழித்துப் பார்த்தான். தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. செத்தவனுடைய போனோ, அவன் அம்மா குப்பம்மாளின் பெட்டியில் உடைந்து கிடந்தது.

இன்றைக்கு, இந்த ரோட்டில், பைக் தானாக நின்றது. டிங். 'சடகோபன் வந்தாச்சு.' இடம், அவன் நிற்கிற அதே ரோடு.

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. தலை சுற்றியது. ஓரத்தில் குடிநீருக்காக இறக்கிப் போட்ட பெரிய இரும்புக் குழாய்கள் கிடந்தன. நிழலுக்கு ஒன்றில் புகுந்தான். கொதித்த இரும்பு வாசனை. அதோடு... காய்ந்த வேர்வை வாசனை. முதுகுக்குப் பின்னால் மணலில் செருப்பு இழுபடுகிற சத்தம். சரக்... சரக்... புதுக் குழாய்க்குள் மணல் ஏது?

தூரத்தில் பஸ் ஹாரன். எழுந்திருக்கப் பார்த்தான். கால் வரவில்லை. கத்தினான். தொண்டை வறண்டு காற்றுதான் வந்தது. காதோரம் ஒரு குரல், அவசரமே இல்லாமல்:

"போவட்டும் பாவா. அடுத்த வண்டில போலாம்."

பஸ் போய்விட்டது. சட்டைப்பையில் டிங். இந்த முறை, 'சுதாகர் வந்தாச்சு.' இடம், திருத்தணியில் அவன் வீடு.

பொதட்டூர்பேட்டையில் கவிதா அதைப் பார்த்தாள். பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டான் என்று பற்றிக்கொண்டு வந்தது. சொன்னபடி, அவனைக் கூப்பிடவே இல்லை. திதி முடிந்தது. யாரும் தேடவில்லை.

சனிக்கிழமை குழாயைத் தூக்க வந்த கிரேன்காரர்கள்தான் பார்த்தார்கள். குழாய்க்கு இரண்டு பக்கமும் வாய் திறந்துதான் இருந்தது. நாலடி தள்ளி நின்ற பைக்கில் தண்ணீர் பாட்டில், மூடி திறக்காமல்.

காரியத்துக்குப் போன தன்வீர், குவைத்தில் நடந்ததைக் கவிதாவிடம் சொல்லிவிட்டான். அவள் அழவில்லையாம்.

இப்போதும் அவள் போன் இரண்டரைக்கு அடிக்கிறது. சடகோபன் பெயரில் இல்லை. 'சுதாகர் வந்தாச்சு.' இடம், குவைத்துப் பாலைவனம். தினமும். அவள் அதை அழிக்கவில்லை. சோறு வடித்து மூடி வைத்துவிட்டு, போனைப் பார்த்தபடி காத்திருக்கிறாள்... அது வந்த பிறகுதான் சாப்பிடத் தட்டை எடுக்கிறாள்.