தலையை அப்படி ஆட்டாதீங்க

தலையை மட்டும் அப்படி ஆட்டாதீங்க தம்பி. முடியாதுன்னாலும் வாயால சொல்லுங்க, கேட்டுக்கறேன். கொஞ்சம் இந்த அலமாரிக்கு இந்தப் பக்கம் வந்துடறீங்களா? அங்க ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

பழைய லேப்டாப்தான், நான் இல்லேன்னு சொல்லலையே. புது ஓஎஸ் இதுல ஏறாதுன்னு எனக்கும் தெரியும். வீட்லயே போட்டுப் பாத்தாச்சு. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாத்து பென்டிரைவ் தயார் பண்ணினேன், நானேதான். நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. திடீர்னு நின்னுடுச்சு. இந்தக் கணினிக்கு ஆதரவு இல்லைன்னு வருது. எங்க வீட்டுக்காரர் அச்சகத்துல டைப்செட்டிங் பண்ணினவர், எல்லாத்தையும் தமிழ்லதான் வச்சிருப்பார். அதைப் படிச்சுட்டு ஒரு சிரிப்பு. ஆதரவு இல்லையாமே, பாவம், இதையும் ஒரு இல்லத்துல சேத்துடுவோமான்னு. எனக்கு எரிஞ்சுது. பக்கத்துல மரம் மாதிரி நான் ஒருத்தி நிக்கறேன், ஆதரவு இல்லையாம்!

புதுசா? மகளும் அதைத்தான் சொல்றா, வாங்கி அனுப்பறேங்கறா. வேணாம் தம்பி. இதுலதான் ஓடணும். கீல் உடைஞ்சு டேப் ஒட்டியிருக்கே, இதே பொட்டில. ராம் மாத்துங்க, டிஸ்க் மாத்துங்க, உள்ள என்ன வேணா பண்ணுங்க.

புது ஓஎஸ் கேக்கற அந்தப் பாதுகாப்பு சிப் இதுல இல்லேன்னாலும், அது பண்ற சோதனையைத் தாண்டிப் போக வழி இருக்காமே? ம்... ரிஸ்க்குதான். நடுவுல நின்னாலும் நிக்கும், அப்புறம் எழுந்திரிக்காமலே போனாலும் போகும். தெரியும். இந்த வாரம் பூரா ரிஸ்க்கைப் பத்தித்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்.

ஃபைல் அழிஞ்சா அழியட்டும். ஃபோட்டோவும் போகட்டும். ஸ்லோவானா என்ன, ஊர்ந்து போகட்டுமே. ஓடினா போதும்.

ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நெசமா ஏறலேன்னா, பாக்கறதுக்கு மட்டும் புதுசு மாதிரி படம் கிடம் மாத்தி... வேணாம், விடுங்க. கண்டுபிடிச்சுடுவார். தொறந்ததும் செட்டிங்ஸ்லதான் போய் நிப்பார்.

அழல தம்பி. பயமா இருக்கு, அவ்வளவுதான். தண்ணியெல்லாம் வேணாம். அய்யய்யோ, திரும்பவும் ஆட்டறீங்களே!

எதுக்கு இப்படிப் பறக்கறேனா? அவருக்கு இதயத்துல வால்வு மாத்தணும். நாளைக்குக் காலைல கையெழுத்து போட்டாத்தான் ஆபரேஷன். பண்ணிக்கலாம்னு டாக்டர் சொல்றார், இவர் மாட்டேங்கறார். பழைய உடம்புல புதுசைக் கொண்டுபோய் மாட்டினா தாங்காதாம். கெஞ்சிப் பாத்தேன், சண்டை போட்டேன், சோறு வைக்க மாட்டேன்னு கூட மிரட்டினேன். ஊஹூம். அன்னிக்கு இந்தப் பொட்டி நின்னுபோச்சு இல்ல, உடனே அதைக் காட்டி, பாத்தியா, இதுல புதுசு ஏறி ஓடட்டும், நான் கையெழுத்து போடறேன்னுட்டார். வெளையாட்டுக்குத்தான் சொன்னாரோ என்னவோ. சொன்னா சொன்னதுதான்னு நான் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். எனக்குப் பிடிச்சுக்க வேற என்ன இருக்கு, சொல்லுங்க.

எதிர்ல மருந்துக்கடை வாசல்ல நீலச் சட்டை போட்டுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருக்காரே, அவர்தான். திரும்பிப் பாக்காதீங்க! உங்க கடைப் படி ஏற முடியல, மூச்சு வாங்குது. நாம பேசறது அங்க கேக்காது. கண்ணாடி வழியா நீங்க தலையாட்டறது மட்டும்தான் தெரியும்.

இதுலயே ஏத்திப் பாக்கறேங்கறீங்களா? நெசமாவா? அப்ப இப்படி வெளிச்சத்துக்கு வாங்க தம்பி. முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்கிட்டு, ஒரே ஒரு தடவை, மேலயும் கீழயுமா ஆட்டுங்க.