கோட்டுப் பொத்தான்

ஊசி இறங்கியதும் வாலு என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். காதுமடல் கருஞ்சிவப்பாகப் புடைத்திருந்தது.

“சார், காது கையோட வந்துடாதே?”

“வந்தா பொட்டலம் கட்டித் தர்றேன். ஆடாம இரு.”

சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் தேங்கிய ரத்தத்தை உறிஞ்சி எடுத்துவிட்டேன். எனக்குக் கை நிதானம் உண்டு ஐயா. இருபது வருஷமாக மல்யுத்தம் சொல்லித் தருகிறேன். எத்தனையோ காதுகளைப் பார்த்தாயிற்று.

ரத்தத்தை எடுத்தால் மட்டும் போதாது. அழுத்திக் கட்டாவிட்டால் மறுபடி தேங்கும். காது கசக்கிய காகிதம் மாதிரி இறுகிப்போகும். என் காதுகளைப் பார்த்தாலே தெரியும். எங்கள் பயிற்சிக்கூடத்தில் அதற்குச் சட்டைப் பொத்தான்கள்தான். மடலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவே நூல். ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வாலுவின் அம்மா தையல்காரர். இரண்டு வெள்ளைப் பொத்தான்களை அவரே பொறுக்கித் தந்தார். “டாக்டர்கிட்ட போகலாமா சார்?” என்று கேட்டார். அவர்களும் இதைத்தான் செய்வார்கள் என்றேன். பொய்யில்லை. பொத்தான், நூல், ஊசி எல்லாவற்றையும் அவர் கண்ணெதிரே கொதிக்க வைத்தேன்.

கட்டுப் போட்டதிலிருந்து பத்தாம் நாள் வாலுவுக்குத் தேசிய முகாமில் மருத்துவப் பரிசோதனை. தேறினால் அங்கேயே தங்கிவிடுவாள். எட்டு வயதில் அவளுக்குப் பாயில் விழக் கற்றுக்கொடுத்தவன் நான். போகட்டும், நன்றாக இருக்கட்டும் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் இந்த நேரம் பார்த்து, பயிற்சியன்று அவளுடைய காதுக்கவசத்தைக் காணவில்லை. தேடிப் பார்த்துவிட்டு வெறுங்காதோடு இறங்கி அடிபட்டுக்கொண்டாள். பொறுப்பே இல்லை என்று திட்டினேன்.

நான்காம் நாள் காய்ச்சல். “கட்டைப் பிரிச்சிடாதீங்கம்மா” என்று போனில் சொன்னேன். ஆறாம் நாள் நாற்றம் தாங்காமல் அவள் அம்மா பிரித்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரல் உயரவில்லை.

“நூல் தானாத் தளரல சார். நடுவுல தீக்குச்சி வெச்சுத் தெச்சுட்டு, அப்புறமா உருவியிருக்கீங்க. கோட்டுப் பொத்தான் இறுக்கமில்லாம நிக்கணும்னா நானும் அப்படித்தான் தெப்பேன்.”

தொழில் தெரிந்தவர். நான் மறுக்கவில்லை. மறுபடி கொஞ்சம் வீங்க வேண்டும், பரிசோதனைத் தேதி தவற வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். சீழை நினைக்கவில்லை. தீக்குச்சியை மட்டும் கொதிக்க வைக்கவில்லை.

அழுகிய குருத்தெலும்பை வெட்டி எடுத்துவிட்டார்கள். முகாமில் அவளுடைய இடத்துக்கு வேறொருத்தி போய்விட்டாள். வாலு அந்தக் காதைத் தலையணையில் புதைத்துச் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாளாம்.

எல்லாவற்றையும் வாக்குமூலமாக எழுதிக்கொண்டீர்கள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காதுக்கவசம் என் மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய விசில்களுக்கு அடியில் இருக்கிறது. பயிற்சிக்கு முந்தின நாள் நான்தான் எடுத்து வைத்தேன். துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். பத்திரமாக இருக்கட்டும் ஐயா, அவள் திரும்ப வரும்போது வேண்டியிருக்கும்.