வண்டிப் பிள்ளைகள் நடந்து வந்த ஆண்டு

அவைக்குத் தலைமை ஏற்று, "சுருக்கமாப் பேசுங்க டீச்சர்" என்று என் காதில் கிசுகிசுத்துவிட்டு, அது நடக்காது என்று தெரிந்தே புன்னகைத்து அமர்ந்திருக்கும் பெற்றோர் கழகத் தலைவி, தையற்கடை அம்மா அவர்களே! எங்கள் அழைப்பை மதித்து, இத்தனை தூரம் புழுதிச் சாலையில் வந்து இந்த மேடையை அலங்கரிக்கும் கல்வி அதிகாரி அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே! பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு, அணைக்காமல் வந்த அடுப்பை மனத்தில் நினைத்துக்கொண்டு வீற்றிருக்கும் தாய்மார்களே! உட்கார இடமில்லாமல் பால்வண்டியின் கூரைமேல் ஏறியிருக்கும் தம்பிகளே... இறங்குங்கப்பா, அண்ணன் முறைக்கிறார் பாருங்க! என் உயிரினும் இனிய மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பள்ளியின் தலைமையாசிரியையும் ஒரே ஆசிரியையும் மணி அடிப்பவளும் ஆகிய நான், அன்பு ததும்ப வணக்கம் சொல்கிறேன்.

இது ஆண்டு விழா. ஓர் ஆண்டு எப்படிப் போனது என்று அறிக்கை வாசிப்பது வழக்கம். வாசிக்க என்னிடம் காகிதம் இல்லை. வாய் இருக்கிறது. நெஞ்சு இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்ல நாணமும் இல்லை, நடுக்கமும் இல்லை!

ஆண்டு எப்படித் தொடங்கியது? விடுமுறை முடிந்து, புதுச் சட்டையும் பழைய பையுமாகப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். வாசலில் நின்றார்கள். கதவில் பூட்டு. பூட்டின்மேல் அரசு முத்திரை. முத்திரைக்குமேல் ஓர் ஆணை. பிள்ளைகள் குறைவாம், ஆகவே பள்ளி மூடப்படுகிறதாம், நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய பள்ளியோடு இணைக்கப்படுகிறதாம். இணைப்பு! எவ்வளவு இனிமையான சொல்! இரண்டு ஆறுகள் இணைந்தால் இரண்டும் ஓடும். இங்கே ஒன்று ஓடியது, ஒன்று வற்றியது. அதற்குப் பெயர் இணைப்பா? நீங்கள் சொல்லுங்கள், இணைப்பா?

(இல்லை என்கிறீர்கள். அதிகாரி ஐயாவின் காதிலும் விழுந்திருக்கும்.)

அன்றைக்கே மேசைகளும் பெஞ்சுகளும் கரும்பலகையும் ஏற்றப்பட்டன. எந்த வண்டியில்? நம் பால்வண்டியில். ஏற்றியது யார்? நம் பால்வண்டி அண்ணன். அவரைப் பற்றி யாரும் முணுமுணுக்க வேண்டாம்! அவர் அதைச் சந்தோஷமாகத்தான் ஏற்றினார். "டீச்சர், அங்க மைதானம் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு. நான்தான் பால் கேனோட மல்லுக்கட்டிக்கிட்டுக் கிடக்கேன். எம்பொண்ணாவது பெரிய ஸ்கூல்ல படிக்கட்டும்" என்றார். பெற்ற தகப்பனின் ஆசை அது. அதைக் குறைசொல்ல எனக்கு என்ன உரிமை? காலையில் பால், பாலை இறக்கியதும் பிள்ளைகள் என்று வண்டி ஓட்டும் வேலையும் அவருக்கே கிடைத்தது. பிள்ளைகளோடு என்னையும் அங்கே மாற்றினார்கள். நானும் போனேன்.

அங்கே என்ன நடந்தது? மைதானம் இருந்தது. மறுக்கவில்லை. கம்ப்யூட்டர் இருந்தது. மறைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்குப் பெயர் இருந்ததா? இல்லையே! "வண்டிப் பிள்ளைங்க." அதுதான் பெயர். வண்டி தாமதமானால் வண்டிப் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே. வகுப்பென்றால் வண்டிப் பிள்ளைகள் கடைசி வரிசை. மாலையில் விளையாட்டு தொடங்கும்போது வண்டிப் பிள்ளைகள் வீட்டுக்கு! மைதானத்தை அவர்கள் வண்டியின் சன்னல் வழியாகத்தான் பார்த்தார்கள்.

நம் பால்வண்டி அண்ணனுக்கு ஒரு மகள் உண்டு. ஐந்தாம் வகுப்பு. ஊரே அவளைக் கட்டெறும்பு என்று கூப்பிடுகிறது. ஏன் என்று கேட்பவர்கள் அவளோடு ஒரு தடவை பேசிப் பாருங்கள்! கணக்கு வகுப்பில் அவள் கையைத் தூக்கியிருக்கிறாள். "வண்டிப் பிள்ளைங்க கையை இறக்குங்க, நேரமில்ல" என்றிருக்கிறார் ஆசிரியர். அவள் எழுந்து கேட்டாளாம்: "நேரம் இல்லையா சார், எங்களுக்கு இடம் இல்லையா?"

(கைதட்டாதீர்கள், கைதட்டாதீர்கள். அந்தக் கேள்விக்கு அவள் ஒரு வாரம் வாசலில் நின்றாள். அதற்கும் சேர்த்துத் தட்டுவதென்றால் தட்டுங்கள்!)

அதே வகுப்பில் இன்னொரு பெண். கொத்தனாரின் மகள். அவளுக்குச் சொற்கள் தொண்டையில் வந்து சற்றே நின்று, தயங்கித் தயங்கித்தான் வெளியே வரும். இந்தப் பள்ளியில் நாங்கள் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. அவள் வாசித்தால் காத்திருப்போம். அவ்வளவுதான். மழை வந்தால் குடை பிடிப்பதைப்போல அது எங்களுக்குப் பழக்கம். அங்கே ஒருநாள் அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னார்கள். முதல் வரி. முதல் சொல். முதல் எழுத்து. வரவில்லை. வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சொன்னார்: "உக்காரும்மா. நீ முடிக்கிறதுக்குள்ள வருஷமே முடிஞ்சிடும்."

பெரியோர்களே! அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை வகுப்பறைகள் இடிந்தன தெரியுமா?

கட்டெறும்பு எழுந்தாள். "சார், அவ முடிக்கட்டும். நாங்க காத்திருக்கோம்."

"நீ யாரு சொல்றதுக்கு? வெளிய போ!"

போனாள். புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். கொத்தனார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். நீண்ட தாழ்வாரத்தில், ஒவ்வொரு வகுப்பு வாசலாகக் கடந்து போனாள். கூப்பிடவில்லை, கோஷம் போடவில்லை. வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி வரிசை எழுந்தது. மூன்றாம் வகுப்பில் எழுந்தது. இரண்டாம் வகுப்பில் எழுந்தது. ஒன்றாம் வகுப்பிலும் எழுந்தது, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு! நான் நான்காம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் வகுப்பின் கடைசி வரிசையும் எழுந்தது. எழுந்துவிட்டு என்னைப் பார்த்தது.

சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

வாசலில் முதல்வர் மறித்தார். "எங்க போறீங்க மேடம்?"

"பிள்ளைங்களோட, சார்."

"வேலை போயிடும்!"

"வேலைக்குத்தான் சார் போறேன்."

வெயில் என்றால் வெயில்! தார்ச்சாலை தகித்தது. லாரிகள் சீறின. சின்னதுகளை ஓரமாக விட்டு, பெரியதுகளை வெளிப்பக்கம் விட்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்து நடந்தோம். நடக்கும்போது கொத்தனார் மகள் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தாள். விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். முதல் எழுத்து வந்தது. முதல் சொல் வந்தது. முதல் வரி வந்தது. முழுப் பத்தியையும் அந்தச் சாலையில் வாசித்து முடித்தாள் தாய்மார்களே, வாசித்து முடித்தாள்! ஆண்டு முடியவில்லை. அரை மைல்கூட முடியவில்லை!

எதிரே பால்வண்டி வந்தது. பிரேக் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும். அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"எங்கடி போற?"

"பள்ளிக்கூடத்துக்குப்பா."

"பள்ளிக்கூடம் பின்னாடில இருக்கு!"

"இல்லப்பா. முன்னாடி இருக்கு."

"வாய மூடு. எல்லாரும் ஏறுங்க, திருப்பிக் கொண்டுபோய் விடறேன். டீச்சர், நீங்களுமா?"

"கொண்டுபோய் விடுப்பா. நாங்க திரும்ப நடந்து வருவோம். நீ திரும்ப ஏத்திட்டுப் போ. தினமும் நமக்கு இதே வேலையா இருக்கட்டும்" என்றாள் கட்டெறும்பு. சொல்லும்போதே அழுதாள். அழுதுகொண்டே அசையாமல் நின்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். கொத்தனார் மகளைப் பார்த்துக் கேட்டார்: "அப்படி என்னம்மா படிச்ச? எனக்குப் படிச்சுக் காட்டு பாப்போம்."

அவள் மறுபடி வாசித்தாள். தடைபட்டது. நின்றது. தவித்தது. அண்ணன் இன்ஜினை நிறுத்தினார். தாய்மார்களே, வண்டியில் இரண்டாம் நடைப் பால் இருக்கிறது! வெயில் ஏறுகிறது! பால்காரருக்கு அந்த நேரத்தில் ஒவ்வொரு நொடியும் நெருப்பு. அந்த மனிதர் ஸ்டியரிங்கின்மேல் கையை வைத்துக்கொண்டு, ஓர் அவசரமும் இல்லாமல், கடைசிச் சொல் வரும்வரை கேட்டார். கேட்டுவிட்டு, "நல்லாத்தானே படிக்குது புள்ள" என்றார். என்னிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு இறங்கிப் பின்கதவைத் திறந்தார். கேன்களை நகர்த்தினார். நம் ஊரைப் பார்த்து வண்டியைத் திருப்பினார்.

அன்றைய பால் திரிந்துபோனது. அன்றைக்குத்தான் நாங்கள் திரிய மறுத்தோம்!

பூட்டு இருக்கிறதே, என்ன செய்வது? உடைக்கலாம் என்றார்கள் சில தம்பிகள். வேண்டாம் என்றேன். பூட்டை உடைத்தால் பூட்டைப் பற்றித்தான் பேசுவார்கள், பிள்ளைகளைப் பற்றிப் பேசமாட்டார்கள். தையற்கடை அம்மா தன் கடையைத் திறந்துவிட்டார். காலையில் மிஷின்களின்மேல் துணி போர்த்தப்படும்; கரும்பலகை சுவரில் சாயும். சின்னவர்களுக்குப் பால் சேகரிக்கும் கொட்டகை. மழை நாளில் எல்லோருக்கும் மெக்கானிக் ஷெட். போன பெஞ்சுகள் எப்படித் திரும்பி வந்தன என்று அதிகாரி ஐயா பல முறை விசாரித்தார்கள். எனக்குத் தெரியாது ஐயா. பால்வண்டி அண்ணனுக்கும் தெரியாதாம். பாருங்கள், எப்படிச் சிரிக்கிறார்!

எனக்குத் தற்காலிகப் பணிநீக்கம் வந்தது. வரட்டும் என்றேன். ஆணை என்னைத்தான் நீக்கியது, பாடத்தை நீக்கவில்லையே!

ஒருநாள் அதிகாரி ஐயா ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நேரே கடைக்குள் வந்தார்கள். "இது என்ன, பள்ளிக்கூடமா, தையக்கடையா?" என்றார்கள். நம் தலைவி ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்: "காலையில பள்ளிக்கூடம், சாயங்காலம் தையக்கடை. உள்ள வர்றதா இருந்தா செருப்பக் கழட்டிட்டு வாங்க, பெஞ்சு பத்தாம பிள்ளைங்க தரையில உக்காந்திருக்கு."

ஐயா, அன்று நீங்கள் கழற்றினீர்கள். அதை இந்த ஊர் மறக்கவில்லை. தரையில் அமர்ந்து பிள்ளைகளிடம் கேட்டீர்கள்: "அங்க எல்லாம் இருக்கே, இங்க என்ன இருக்கு?" கொட்டகையிலிருந்து ஓடி வந்த ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று பட்டென்று சொன்னது: "இங்க நான் ஃபர்ஸ்ட் பெஞ்ச்!" நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பு முடிந்தும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் சாவி வந்தது. என் வேலையும் வந்தது. நன்றி ஐயா. மனமார்ந்த நன்றி.

ஆண்டுத் தேர்வு நடந்தது. எல்லோரும் தேறினார்களா? இல்லை. இருவர் கணக்கில் தவறினார்கள். மேடையில் மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அவர்களை நான் தேறவைப்பேன், இது உறுதி! ஒரு வீட்டார் பெரிய பள்ளிதான் வேண்டும் என்று பிள்ளையைத் திரும்ப அனுப்பினார்கள். அவர்கள்மேல் எங்களுக்குச் சினமில்லை. அந்தக் குழந்தை எங்கே படித்தாலும் எங்கள் குழந்தை.

ஆனால், சற்றுமுன் இதே ஒலிபெருக்கியில் ஐயா என்ன சொன்னார்கள்? "இந்த ஆண்டு விட்டுக்கொடுத்தோம். அடுத்த ஆண்டு புதிதாகச் சேரப் பிள்ளைகள் இல்லையென்றால் மறுபடி மூடுவதைத் தவிர வழியில்லை." கனிவாகத்தான் சொன்னார்கள். கேட்டதும் பயந்தேன். அந்தச் சாலையில் லாரிகள் சீறியபோதுகூடப் பயப்படாதவள்!

நான் வாதாடப் போவதில்லை. வார்த்தையால் வளைக்கப் போவதில்லை. என் தாய்மார்களை ஒன்று கேட்கப் போகிறேன். வரும் ஆண்டில் உங்கள் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பில் சேரும் வயது வருகிறதா? இந்தப் பள்ளியில் சேர்ப்பீர்களா? சேர்ப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்.

...

அவசரம் இல்லை. காத்திருக்க எங்களுக்குத் தெரியும்.

...

யாரது, பின்னால்? மரக்கடைக்காரர் மருமகளா? வா தாயே, கூச்சப்படாதே, நன்றாக நிமிர்ந்து நில்! அதோ, கோழிப்பண்ணைத் தங்கச்சி, இரட்டைப் பிள்ளைகளோடு! தபால்கார அண்ணி! உங்கள் மகனைத் தூக்கிக் காட்டுங்கள், தூங்கினாலும் பரவாயில்லை! இந்தப் பக்கம் யார்? முகம் புதிதாக இருக்கிறதே... குவாரி வேலைக்கு வந்த குடும்பமா? "எங்களையும் சேத்துக்குவீங்களா"வா? என்ன கேள்வி அம்மா இது! கட்டெறும்பே, ஓடிப்போய் அவர்களுக்கு முன்னால் இடம் விடு! இன்னும் எழுகிறார்கள்... இன்னும்... இன்னும்...

அதிகாரி ஐயா, நான் எண்ண மாட்டேன். எண்ணினால் ஆசையில் கூட்டிச் சொல்லிவிடுவேன். நீங்களே எழுந்து எண்ணிக்கொள்ளுங்கள். தாய்மார்களே, ஐயா எண்ணி முடிக்கும்வரை ஒருவரும் உட்காராதீர்கள். கால் வலித்தாலும் உட்காராதீர்கள். பிள்ளை அழுதாலும் உட்காராதீர்கள்!

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கு நன்றி. இடம் கொடுத்த கரங்களுக்கும் இருக்கை கொடுத்த உள்ளங்களுக்கும் நன்றி. நின்றுகொண்டிருக்கும் உங்களுக்கு, நின்றபடியே, நிமிர்ந்தபடியே, என் வணக்கம்!