ஜேபி உக்காந்த ஸ்டூல்

இல்ல மகிழா, அந்த ஸ்டூல் வேணாம், இப்படி ஜன்னல் பக்கம் வா. அந்த ஸ்டூல்லதான் உங்கண்ணன் ஜேபி உக்காந்திருந்தான். சரி, அதுலயே உக்காரு. தம்பி நீ, உன்னை நான் என்ன சொல்றது.

நீவார்க் ஏர்போர்ட்லேர்ந்து நேரா வீட்டுக்குப் போயிருக்கலாம். பெட்டியோட மத்தியானம் ரெண்டு மணிக்கு எவனாவது பாருக்கு வருவானா? அண்ணன் கடைசியா குடிச்ச எடத்தைப் பாக்கணும்னு நீதான் ஒத்தக்கால்ல நின்ன. நல்லாப் பாத்துக்கோ. ஜெர்சி சிட்டில நம்மாளுங்க இங்க அதிகம் வரமாட்டாங்க.

அந்த மரக் கைப்பிடி தெரியுதா? பீப்பாயிலேர்ந்து அதைக் கையால இழுத்துத்தான் ஊத்துவாங்க. கேஸ் ஏத்தறதில்ல, ஐஸ் மாதிரி ஆக்கறதில்ல. ரியல் ஏல்னு ஒரு வகை பீர். பீப்பாய்க்குள்ள இன்னும் புளிச்சுக்கிட்டே இருக்குமாம். ஜேபி மொத வாய் குடிச்சுட்டு, என்னடா சுஹாஸ், ஆறிப்போன கஷாயத்துக்கா என்னை இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தேன்னான். ஆமா, நான்தான் கூட்டிட்டு வந்தேன்.

நீ குடிப்பியா? வேணாமா, விடு. நானும் இப்பல்லாம் தொடறதில்ல. ஆனா ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா கால் இங்கதான் வருது. பாரு, அந்தப் பொண்ணு கேக்கறதே இல்ல, ரெண்டு கிளாஸ் கொண்டாந்து வெச்சுட்டுப் போயிடுவா. நான் ஒரு மணி நேரம் பாத்துட்டு எழுந்து போயிடுவேன்.

எங்க விழுந்தானா? இதோ, வாசப்படிலதான். பிப்ரவரி மாசம், படி பூரா ஐஸ். கண்ணுக்கே தெரியாது. வெளிய கால் வெச்சான், மல்லாக்க விழுந்தான். பின்மண்டைல பட்டுச்சு. ரத்தமெல்லாம் இல்லப்பா. எழுந்து தட்டி விட்டுக்கிட்டு அவனேதான் சிரிச்சான். பாதி வழில கால் பின்னுச்சு, பேச்சு குழறுச்சு. எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து அவன் ரூம்ல படுக்க வெச்சேன். கொஞ்ச நேரத்துல பெரிய குறட்டை. நல்லாத் தூங்கறான்னு கதவைச் சாத்திட்டு வந்தேன். காலைல ஆபீசுக்கு எழுப்பப் போனா, ஒடம்பு சில்லுனு இருக்கு.

ரெண்டு வருஷமாச்சு. அந்த ரூமை இன்னும் யாருக்கும் விடல. நான் ஹால்ல உக்காந்திருப்பேன், உள்ள குறட்டை கேக்கும். சத்தியமா சொல்றேன் மகிழா, கேக்கும். பயமா இருக்கும். திடீர்னு நின்னுடும் பாரு, அப்பதான் ரொம்ப பயமா இருக்கும்.

உங்கப்பா இன்னும் போட்டோ மாட்டலையா? குடிச்சு விழுந்து செத்தவனுக்கு மாலை ஒரு கேடான்னாரா? அம்மா பீரோக்குள்ள வெச்சு கும்பிடறாங்களா. ம்.

இல்லப்பா, அவர்மேல கோபப்படாத. அவருக்கென்ன தெரியும். போன் பண்ணி, நெறைய குடிச்சிருந்தான் அங்கிள், சொன்னாக் கேக்கலைன்னு சொன்னது நான்தான்.

அரை கிளாஸ்தான் வாங்கினான். அதுலயும் மிச்சம் வெச்சுட்டுத்தான் எழுந்தான். வழில, தலை பொளக்குதுடா, ஹாஸ்பிடல் போலாமான்னு ரெண்டு தடவை கேட்டான். நான்தான், வாய்ல பீர் நாத்தம் அடிக்குது, ஆம்புலன்ஸ் கூப்பிட்டா கூடவே போலீசும் வரும், அடுத்த மாசம் உனக்கு விசா ஸ்டாம்பிங், பேசாம படுத்துத் தூங்கு, சரியாப்போயிடும்னேன். 

சரின்னு படுத்துக்கிட்டான். உங்கண்ணன் நான் சொன்னா கேப்பான்.