எட்டாவது சன்னலின் முகம்

சிவப்பைக்கூட எப்படியாவது தேடிப் பிடித்துவிடலாம், இன்ஸ்பெக்டர். சன்னலில் தீட்டும் முகத்துக்கு ஏற்ற கண்ணாடிதான் கிடைப்பதில்லை. பழைய கண்ணாடியில் சிறு குமிழிகள் இருக்கும்; வெயில் பட்டால் தோலுக்கடியில் ரத்தம் ஓடுவது போலத் தெரியும். இப்போது கடையில் விற்பது பிளாஸ்டிக் பொம்மையின் கன்னம் மாதிரி இருக்கிறது.

கோத்தா திங்கியில் எங்கள் தேவாலயத்தில் அப்படிப்பட்ட சன்னல்கள் எட்டு. காற்றில் மரக்கிளை விழுந்து ஒன்று நொறுங்கிப்போனது. மற்ற ஏழோடும் பொருந்தும்படி புதிதாக ஒன்று வரைந்து செய்யும் வேலையைப் பங்குப் பேரவை என்னிடம் கொடுத்தது. இந்த வட்டாரத்தில் வண்ணக் கண்ணாடி வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமையும் உண்டு.

எங்கள் பங்கில் ஒரு வழக்கம் இருக்கிறது. சன்னலில் உள்ள புனிதர்களுக்கு இறந்துபோன பங்கு மக்களின் முகத்தைத்தான் வைப்போம். உயிரோடு இருப்பவர்களை வைப்பதில்லை. இந்த முறை புனித அன்னம்மாளுக்கு, சென்ற ஆண்டு காலமான அமலோற்பவம் டீச்சரின் முகம் என்று முடிவானது. டீச்சருக்கு உருப்படியான புகைப்படம் ஒன்றுகூட இல்லை. அதனால் அவர் மகள் சூசனை உட்காரவைத்து வரைந்தேன். இருவருக்கும் ஒரே சாயல் என்று நினைத்தேன்.

நொறுங்கிய சன்னலில் முகம் அளவுக்குத் தேறியது ஒரே ஒரு துண்டு. அதில் தீட்டிச் சூளையில் சுட்டேன். சுட்ட பிறகு கோடுகள் கண்ணாடியோடு ஒன்றிவிடும், அழிக்க வழியில்லை. நான் செய்த முகங்களிலேயே அதுதான் சிறந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது எனக்கு அழுகை வந்தது.

பேரவைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். சூசனும் வந்திருந்தாள். ராஜம்மா அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

“ரேமண்ட், இது டீச்சர் இல்லலா. இது சூசன். உசுரோட இருக்கிற பிள்ளைய எப்படி வைக்கிறது?”

“அலமாக், அங்கிள், நான் இன்னும் சாகலயே,” என்றாள் சூசன்.

எல்லாரும் சிரித்தார்கள். வேறு கண்ணாடியில் வேறு முகம் செய்யச் சொன்னார்கள். செய்தும் பார்த்தேன். ஏழு மனிதர்களுக்கு நடுவில் முகமூடி போட்டவள் போல நின்றது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சூசன் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான பெண். ஆற்றுக்கு அந்தப் பக்கம், செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்தாள். மழை பிடித்து ஆறு ஏறியதும் தோட்டத்துப் பாலத்தின் நடுப்பகுதியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மேலே கலங்கல் தண்ணீர் ஓடுவதால் உடைந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. தோட்டத்து ஆட்கள் எண்ணெய்ப் பீப்பாய்களை வைத்து வழியை மறித்திருந்தார்கள். நான் நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிப்போய், அவள் வரும் பக்கத்துப் பீப்பாய்களை ஓரமாக உருட்டிவிட்டேன். பட்டறைக்குத் திரும்பி அவளுக்குப் போன் செய்தேன். முகத்தில் சின்ன வேலை பாக்கி, வந்து உட்கார முடியுமா என்று கேட்டேன்.

“பாலத்துல தண்ணி ஏறலயா, அங்கிள்?”

“கணுக்கால் அளவுதாம்மா. இப்பதான் ஒரு லோரி போச்சு. மெதுவா வந்துடு. அபிகெயில வீட்டுலயே விட்டுட்டு வா, மழையா இருக்கு.”

அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் பிள்ளையைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை.

மறுநாள் ஆற்றின் வளைவில் அவள் கார் கிடைத்தது. அடக்கப் பூசைக்கு நானும் போனேன். உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

ஒரு வழக்கத்துக்காகவா கொன்றாய் என்று கேட்கிறீர்கள். ஃபாதர் பிரையன் உங்களிடம் சொல்லியிருப்பார். அவள் இறந்த அன்று காலையே அவர் என்னைப் போனில் கூப்பிட்டார். “ரேமண்ட், பேரவையில எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. சூசன் முகமே இருக்கட்டும், பழைய வழக்கத்த விட்டுடலாம்,” என்றார். நன்றி சொன்னேன். போனை வைத்த பிறகுதான் பாலத்துக்குக் கிளம்பினேன்.

அவர்கள் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் மற்ற ஏழு பேரும் இறந்தவர்கள், இன்ஸ்பெக்டர். என்னிடம் கேட்டது பொருந்தும்படி ஒரு சன்னல்.