ஆபத்துப் பைக்கு ஒத்தக்கண்ணு பைனாகுலர்

அன்னிக்கு சர்ச்சு மொட்டைமாடியில யார் யார் இருந்தோம்னு மொதல்ல குறிச்சுக்கோங்க போதகரய்யா. செயலாளர் ரூபஸ். ரிடையர்டு நர்ஸு ஹெப்சி. மணி அடிக்கிற ஜெரால்ட். நாலாவது நான், மார்த்தாள், முப்பத்தோரு வருஷம் பூகோளம் நடத்துனவ. நீங்க இல்ல, மணவூர்ல ஞானஸ்நானம் குடுக்கப் போயிட்டீங்க. இருந்திருந்தா இப்ப என் வீட்டுல வந்து இப்படி மோட்டுவளையைப் பாத்துகினு உக்கார வேண்டிய அவசியம் வந்திருக்காது. காபி எடுத்துக்கோங்க. ஆறினா நான் மறுபடி சுட வைக்கறதில்ல.

போன வருஷ மழைக்கு நாப்பது குடும்பம் சர்ச்சு ஹால்ல வந்து தங்குச்சா, அப்புறம்தான் ஆபத்துப் பை ஒண்ணு வைக்கணும்னு கமிட்டியில முடிவாச்சு. டார்ச்சு, விசிலு, கயிறு, குளோரின் மாத்திரை, அத்தனையும் என் பொறுப்பு. பை... ஆங், உங்க பக்கத்து நாற்காலியில இருக்குதே, அதேதான். அதை என்கிட்டயிருந்து வாங்கி வேற ஆளுகிட்ட குடுக்கணும்னு நேத்து கூட்டத்துல பேசினாங்களாமே? பேசட்டும். முடிவு உங்க கையிலன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் வரிசையா சொல்றேன். வரிசை இல்லாம பேசினா எனக்குப் புடிக்காது.

ஏரி கரை தாண்டுதா, ரோட்டுல தண்ணி நிக்குதான்னு மேலயிருந்து பாத்து சொல்றதுக்கு ஒண்ணு வேணும் இல்லைங்களா? ஹெப்சி, ரெட்டைக்கண்ணு பைனாகுலர்தான் வாங்கணும்னா. ஒத்தக்கண்ணுல ரொம்ப நேரம் பாத்தா கண்ணு வலிக்குமாம், ரெண்டு கையால புடிச்சாதான் ஆடாதாம். நர்ஸு ஆச்சே, கண்ணைப் பத்தி தனக்குத்தான் தெரியும்னு நெனப்பு. நான் விளக்கமா சொன்னேன். பை சின்னது, ஒத்தக்கண்ணு குழாய் விசிலுக்குப் பக்கத்துல அடங்கிடும். ஒரு கை காலியா இருக்கும், மாடிப்படி கைப்புடியைப் புடிச்சிக்கலாம். பத்து மடங்கு காட்டறது வேணாம், அதுல கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். எட்டு போதும். ரூபஸு எங்க ரெண்டு பேருக்குமே தலையாட்டினான். அவன் செயலாளர் ஆனதே அந்தத் தலையாலதான். கடைசியில என் ஒத்தக்கண்ணுதான் வந்துச்சு.

வந்ததை சோதிக்கணும்னு நான்தான் எல்லாரையும் மாடிக்கு ஏத்தினேன். சனிக்கெழம, நாலு மணி, லேசா தூறல். ஹெப்சி வேணும்னே அவ மகனோட ரெட்டைக்கண்ணை எடுத்துகினு வந்தா. கே.ஜி.கண்டிகை போற பஸ்ஸுக்குப் பின்னால எழுதியிருந்ததை எழுத்து எழுத்தா படிச்சுக் காட்டினா. படிக்கச் சொல்லி யாரும் கேக்கவே இல்ல. மலைக்கோயில் பக்கம் திருப்பிப் பாருங்க டீச்சர்னு ரூபஸ் சொன்னான். மலை மேல என்ன வெள்ளம் ஏறப்போவுது? ஏரிப் பக்கம் திருப்பினேன். திருப்பினா... கரையே இல்லைங்க. பனைமரம் இல்ல, ஏரிக்கரையில பயிர் வைக்கிற பச்சையப்பன் நெலம் இல்ல. ஒரே வெள்ளை, அலையலையா வழிஞ்சுகினு இருக்குது.

ஹெப்சி அவளோடதுல பாத்துட்டு, ஒண்ணுமில்லக்கா, மாடு மேயுதுன்னா. மாடு மேஞ்சா வெள்ளம் இல்லைன்னு ஆயிடுமா? ஜெரால்டை மணி அடின்னேன். எந்த மணி டீச்சர்னு அவன் கேட்டான். கேட்டதை நான் மறைக்கல. ஜனங்க பதறி ஒருத்தர் மேல ஒருத்தர் விழக்கூடாதேன்னு, "நிதானமா, விட்டு விட்டு அடி"ன்னு சொன்னேன்.

ஆங். தெரியும். விட்டு விட்டு அடிச்சா சாவு மணி. என் வீட்டுக்காரருக்கு அடிச்சதைக் கேட்டவ, எனக்குத் தெரியாதுங்களா? அந்த நேரத்துல மனசு பூரா தண்ணி.

சபையில ரெண்டு வாரமா படுத்த படுக்கையா இருந்தவரு ஞானப்பிரகாசம் ஒருத்தர்தான். அதனால செத்தது அவருதான்னு ஜனங்களே தீர்மானிச்சுட்டா, அதுக்கு நான் எப்படிங்க பொறுப்பு? அரை மணி நேரத்துல மாலை வந்துச்சு. பெட்டி வந்துச்சு. கனகம்மாசத்திரத்துலயிருந்து அவரு மச்சான் வேன் நெறைய ஆளோட வந்து எறங்கினாரு. மணி ஞானப்பிரகாசம் காதுலயும் விழுந்துச்சு இல்ல? யாரோ போயிட்டாங்க போலன்னு எழுந்து, வெள்ளைச் சட்டை போட்டுகினு, தடி ஊனிகினு மெதுவா சர்ச்சுக்கு வந்து நிக்கறாரு. பெட்டியைத் தட்டிப் பாத்துட்டு, நல்ல மரம், யாருக்குன்னு கேட்டாரு. மச்சான் மாலையை முதுகுக்குப் பின்னால மறைச்சுகினாரு.

டாக்டர் தலைகீழா நின்னும் கட்டிலை விட்டு எறங்காத மனுஷனை நடக்க வச்சது யாரு? இதுக்கு ஒருத்தர் கூட எனக்கு நன்றி சொல்லல.

கடைசியா பச்சையப்பன் வந்தான், காலுல சொட்டு சேறு கெடையாது. ஏரியில மொழங்காலு தண்ணி கூட இல்லைங்களேன்னான். அன்னியிலயிருந்து ஜெரால்டு, டீச்சருக்குக் கண்ணு போச்சுன்னு சொல்லிகினு திரியறான். என் கண்ணு போவல. போன மாசம்தான் சோதிச்சேன். குழாய்தான் கோளாறு. வேணும்னா நீங்களே எடுத்துப் பாருங்க, பையிலதான் இருக்குது.

ஜாக்கிரதை, ஜாக்கிரதை. அந்த பிளாஸ்டிக் தாளைப் பிய்க்காதீங்க. வரும்போதே ரெண்டு பக்கக் கண்ணாடியிலயும் ஒட்டித்தான் வந்துச்சு. கீறல் விழக்கூடாதுன்னுதானே ஒட்டறான்? இந்த வீட்டு பிரிட்ஜைப் பாருங்க, டிவி ரிமோட்டைப் பாருங்க, எட்டு வருஷம் ஆச்சு, ஒரு தாளைப் பிய்ச்சிருக்கேனா? ஆங், ஓரம் கொஞ்சம் எழும்பியிருக்குது. அன்னிக்குத் தூறல்ல தண்ணி உள்ள பூந்துட்டு... உள்ள... பூந்துட்டு...

ஐயா, பிய்க்காதீங்கன்னு சொன்னேனே.

குழாயை எதுக்கு என் கையில குடுக்கறீங்க? பையை எங்க தூக்கிகினு போறீங்க? காபி அப்படியே இருக்குது. போதகரய்யா... ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவக்கூடாதா?

ம். தாளு இல்லாம நல்லாத்தான் தெரியுது. வாசல் கேட்டு தெரியுது. அவரு செருப்பு வாரு அறுந்திருக்குது, அது கூட தெரியுது. தெருவைத் தாண்டறாரு... ஹெப்சி வீட்டுப் படி ஏறறாரு.

பையை வாங்க அவ கை நீட்டறா. எட்டு மடங்கு பெருசா நீட்டறா.